ஆலை நின்றால் சோலரும் நிற்கிறது: பட்டப்பின் சான்றிதழ் ஒன்று வன்னியில் பயன்பட்ட விதம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியோரத்தில் ஒரு சின்ன அரிசி ஆலை. அதன் சீற் கூரையில் 40 கிலோவாட் சோலர். நெல் குத்துகிற நாட்களில் சோலரில் ஒரு குறையும் இல்லை. ஆலை பூட்டியிருக்கும் நாட்களில், அதுவும் வெயில் நன்றாக எறிக்கும்போது, பதினொரு மணியளவில் இன்வேர்ட்டர் (பனலின் மின்னை லைனுக்கேற்ற மின்னாக மாற்றும் கருவி) தானாக அணையும். சில நிமிடம் கழித்து எழும்பும், திரும்ப அணையும். இரண்டு மணி தாண்டினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். சோலர் பூட்டிய கம்பனி இரண்டு தடவை ஆள் அனுப்பியது. ஒருமுறை இன்வேர்ட்டரை மாற்றியும் பார்த்தார்கள். புதியதும் அதையேதான் செய்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் முல்லைத்தீவு மாவட்டத்துப் பெண். கிளிநொச்சியில் சோலர் பராமரிப்பு வேலை செய்கிறார். பெயர் இங்கே தேவையில்லை. அந்த நேரம் அவர் அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்றில், புதுப்பிக்கத்தக்க சக்தியை மின்வலையமைப்போடு இணைப்பது பற்றிய பட்டப்பின் சான்றிதழை இணையவழியில் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்புக்கும் இந்த ஆலைக்கும் என்ன தொடர்பு, படிப்பால் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை விவரமாக எழுதக் காரணம் உண்டு. இப்படியொரு சான்றிதழைப் படிக்கலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். கேள்வி பெரும்பாலும் “இதுக்கு வெளிநாட்டில் மதிப்பிருக்கா?” என்பதோடு முடிந்துவிடுகிறது.

படித்தவரின் நிலை

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கப்பட்டு, 2015 இல் முதற் பரீட்சை நடந்தது. அந்தப் பிரிவின் ஆரம்ப அணிகளில் ஒன்றில் படித்து, பல்கலைக்கழகம் போய், பொறியியல் தொழில்நுட்பத்தில் இளமாணிப் பட்டம் எடுத்தவர் இவர். அந்தப் பட்டக்காரர் எல்லோருக்கும் உள்ள இக்கட்டு இவருக்கும் இருந்தது. வீட்டில் ‘இஞ்சினியர்’ என்பார்கள், வேலை விளம்பரத்தைப் பார்த்தால் பொறியியல் பட்டம் கேட்டிருப்பார்கள். பொறியியலாளர் பட்டங்களுக்கு வாஷிங்டன் உடன்படிக்கை, பொறியியல் தொழில்நுட்பவியலாளர் பட்டங்களுக்கு சிட்னி உடன்படிக்கை, தொழில்நுட்பர் தகைமைகளுக்கு டப்ளின் உடன்படிக்கை என்று உலகம் இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. இலங்கையிலும் 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொறியியல் பேரவை, பொறியியல் தொழில் செய்வோரை வகை பிரித்துத்தான் பதிகிறது. ஒரு பட்டப்பின் சான்றிதழ் எடுத்துவிட்டால் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவிவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். அப்படித் தாவ முடியாது.

பிறகு ஏன் படித்தார்? வேலையில் தினமும் பார்க்கிற பழுதுகளில் பாதிக்குத் தன்னிடம் விடை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பனல் பழுதென்றால் கண்டுபிடிப்பார், இன்வேர்ட்டர் பழுதென்றாலும் கண்டுபிடிப்பார். இரண்டும் சரியாக இருந்தும் வேலை செய்யாவிட்டால் அதற்கப்பால் இருப்பது லைன். லைனைப் பற்றிப் பட்டப்படிப்பில் படித்ததெல்லாம் மூன்று ஃபேஸும் சமமாக இருக்கும் உயர் அழுத்தக் கணக்கு. ஏ35 வீதியோரத்தில் எந்த லைனும் சமமாக இல்லை.

வன்னியில் இந்தத் துறைக்கு என்ன வேலை

மன்னார்த் தீவில் ‘தம்பபவனி’ காற்றாலை: 3.45 மெகாவாட் வீதம் 30 சுழலிகள், மொத்தம் 103.5 மெகாவாட், 2020 இல் திறக்கப்பட்டது. அந்த மின்சாரம் நடுக்குடாவிலிருந்து வவுனியா ஊடாக அனுராதபுரத்துக்கு 220 கிலோவோல்ட் லைனில் போகிறது. பளையில் அதற்கு முன்பே 10 மெகாவாட் வீதம் இரண்டு காற்றாலைகள். மன்னாரிலும் பூநகரியிலும் வரவிருந்த அதானியின் 484 மெகாவாட் திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மன்னார் மக்களின் எதிர்ப்பு இன்னொரு பெரிய விடயம், அதற்குத் தனியாக எழுதவேண்டும். இவற்றோடு 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபின் கூரைகளில் ஏறிய சோலர்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கை வைத்து எல்லோரும் சிரித்தார்கள். குரங்கு ஒரு பொறிதான். ஞாயிறு மதியம் பாவனை குறைவு, சோலர் அதிகம், சுழன்றுகொண்டிருக்கும் கனமான ஜெனரேட்டர்கள் குறைவு. அதிர்ச்சியைத் தாங்கும் சடத்துவம் வலையமைப்பில் போதாமல் இருந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். வலையமைப்பு முழுவதிலும் உள்ள அந்தச் சிக்கலின் சின்ன வடிவம்தான் ஆலைக் கூரையில் நடந்தது. பாவனை இல்லாத நேரத்தில் உற்பத்தி எங்கே போகும்?

ஆலையில் என்ன நடந்தது

ஆலை முதலாளி விஷயத்தைச் சொன்ன விதமே பாதி விடை.

“பிள்ளை, மில் ஓடேக்க ஒரு கரைச்சலும் இல்லை. மில் நிக்கேக்கதான் உது நிக்குது. மில்லைப் பாத்துப் பழகிப்போச்சு போல.”

“மில்லைப் பாத்தில்லை ஐயா. லைனைப் பாத்துத்தான் நிக்குது” என்றிருக்கிறார் இவர்.

காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஆலை முழுமூச்சாக ஓடும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அந்த அளவுக்குத்தான் விதைப்பு, அதனால் அந்தப் போகத்து நெல்லும் அளவானது. மற்றக் காலத்தில் ஆலை பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஓடும்போது சோலரின் 40 கிலோவாட்டில் பெரும்பகுதியை மோட்டர்களே விழுங்கிவிடும். நிற்கும்போது அவ்வளவும் லைனில் ஏறி மின்மாற்றியை நோக்கிப் போகவேண்டும். வாய்க்காலின் கடைவாயிலிருந்து தண்ணீரைக் குளத்துப் பக்கம் தள்ளுவதென்றால் கடைவாயில் நீர்மட்டம் உயர்ந்தாக வேண்டும். வோல்டேஜும் அப்படித்தான் உயரும்.

எவ்வளவு உயரும் என்பதில்தான் படிப்பு உதவியது. 40 கிலோவாட்டை மூன்று ஃபேஸுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 13.3 கிலோவாட், 230 வோல்ட்டில் 58 அம்பியர். மின்மாற்றியிலிருந்து ஆலை வரை ஏறத்தாழ 300 மீற்றர், 70 சதுர மில்லிமீற்றர் அலுமினிய ஏபிசி வயர் (காப்பிட்டு ஒன்றாக முறுக்கிய மேல்நிலைக் கம்பி). அந்த வயரின் தடை 20 பாகை செல்சியசில் கிலோமீற்றருக்கு 0.443 ஓம். மத்தியான வெயிலில், அவ்வளவு மின்னும் ஓடும்போது, வயர் 20 பாகையில் இருக்கப்போவதில்லை. 60 பாகை என்று வைத்தால் 0.51 ஓம் ஆகும். 300 மீற்றருக்கு 0.154 ஓம். 58 ஆல் பெருக்கினால் 9 வோல்ட். மின்மாற்றிக்குள்ளும் சிறிது ஏறும், அதை இந்தக் கணக்கில் விட்டுவிடலாம்.

சோலரை நிறுத்திவிட்டு மத்தியானத்தில் ஆலையில் அளந்தபோது 241 வோல்ட். இரவில் கடைசி வீட்டுக்கும் வோல்டேஜ் போகவேண்டுமென்று மின்மாற்றியின் டாப்பை (வெளிவரும் வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உயர்த்தி வைத்திருந்தார்கள், சோலர் இல்லாத காலத்தில் அது சரியான முடிவுதான். 241 உடன் 9 சேர்ந்தால் 250. லைனின் வோல்டேஜ் எல்லையைத் தொட்டால் இன்வேர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும், இதில் போட்டிருந்த எல்லையோ 253. கணக்குப்படி அணையக்கூடாது.

ஒவ்வொரு ஃபேஸையும் தனித்தனியே பதிவுசெய்யும் மீற்றரை இரவல் வாங்கிப் பூட்டினார். இரண்டு ஃபேஸ்கள் 250 ஐ ஒட்டி நின்றன. மூன்றாவது மட்டும் 253 ஐத் தொட்டது. அதில் ஒன்றரை வோல்ட்டுக்குக் காரணம் அந்த ஃபேஸில் பகலில் பாவிக்கும் வீடுகள் குறைவு. மிச்சம் இரண்டு வோல்ட்டுக்குக் கணக்கில் இடமில்லை.

இந்த இரண்டு வோல்ட்டை விடாமல் துரத்தியது எனக்குப் பிடித்த இடம். 58 அம்பியரில் இரண்டு வோல்ட் என்றால் 0.034 ஓம், நூறு வாட்டுக்கு மேல் வெப்பம். அது லைன் முழுவதும் பரவியிருந்தால் மற்ற ஃபேஸ்களிலும் தெரிந்திருக்கும். ஆகவே ஓரிடத்தில் இருக்கவேண்டும், ஓரிடத்தில் நூறு வாட் என்றால் அந்த இடம் கருகியிருக்கவேண்டும். இன்வேர்ட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் வரை வந்த வயர் அலுமினியம், சுவிட்சின் முனை செம்பு. இடையில் பூட்டவேண்டிய பைமெட்டல் லக்கை (அலுமினியத்தையும் செம்பையும் இணைக்கும் முனைத்துண்டு) பூட்டாமல் நேரே முறுக்கி வைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றியபோது மூன்றாம் ஃபேஸின் முனை கறுத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. உமித்தூசி பறக்கிற கட்டடத்தில் அப்படியொரு முனை இருந்தது என்பதை முதலாளிக்கு விளக்கத் தேவைப்படவில்லை. பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

லக் பூட்டியதும் இன்வேர்ட்டர் அணைவது பெரும்பாலும் நின்றுவிட்டது. முதலாளி திருப்தி, கம்பனி திருப்தி.

அதோடு முடியவில்லை

இலங்கையில் வீட்டுக்கு வரும் மின் 230 வோல்ட்டிலிருந்து 6 வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 216.2 இலிருந்து 243.8 வரை. ஆலைக்குப் பக்கத்து வீடுகளில் மத்தியானத்தில் 250 நின்றது. லக்கைப் பூட்டியதால் அது இம்மியும் குறையவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு வோல்ட் ஆலைச் சுவருக்குள்ளேயே இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் தன் ஃபிரிட்ஜ் எரிந்ததற்குச் சீனச் சாமானைத் திட்டிக்கொண்டிருந்தார்.

253 எங்கிருந்து வந்தது? அது 230 இன் 10 வீதக் கூடுதல். அவுஸ்திரேலியாவில் வீட்டு வோல்டேஜின் மேல் எல்லை அதுதான், கீழெல்லை நம்முடையதுபோல 6 வீதம். இன்வேர்ட்டரின் நாட்டுத் தெரிவில் பொருந்தாத ஒன்றைத் தட்டி வைத்திருந்தார்கள். அது எச்சரிக்கவேண்டிய நேரத்துக்கு அப்பால்தான் எச்சரித்தது. பாடத்தில் வந்த உதாரணங்களும் 253 ஐ ஏற்கத்தக்கதாகவே காட்டின, படிப்பிக்கிற நாட்டின் நியமம் அது. அதை அப்படியே கொண்டுவந்து இங்கே போட்டிருந்தால் அறிக்கையில் “குறை இல்லை” என்றுதான் வந்திருக்கும். வெளிநாட்டுச் சான்றிதழ் படிப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. சமன்பாடு எந்த நாட்டிலும் ஒன்றுதான், எல்லைகள் ஊருக்கு ஊர் வேறு.

அடுத்ததாக, எதிர்வினை வலுவை (வேலை எதுவும் செய்யாமல் லைனில் போய்வரும் வலு) உறிஞ்சச் சொல்லி இன்வேர்ட்டரைத் திருப்பினால் வோல்டேஜ் இறங்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. வலுக்காரணியை 0.95 க்குக் கொண்டுபோனால் என்ன வரும் என்று பார்த்தார். லைனாலும் மின்மாற்றியாலும் சேர்ந்து இரண்டு வோல்ட்கூடக் குறையவில்லை. ஏபிசி வயரில் தடை, எதிர்வினையைவிட ஆறு மடங்கு பெரியது. புத்தகத்து வைத்தியம் உயர் அழுத்த லைனுக்குப் பலிக்கும், கிராமத்து லைனுக்குப் பலிக்காது. இந்தக் கணிப்புகளை அவர் ஓப்பன்டிஎஸ்எஸ் என்ற இலவச மென்பொருளில் செய்தார். அமெரிக்காவின் மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம் அதை 2008 இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. சமமற்ற மூன்று ஃபேஸ் லைனை ஒவ்வொரு வீடாகப் போட்டுப் பார்க்க அது போதும், சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

மிஞ்சியது மின்மாற்றியின் டாப். ஒரு படி இறக்கினால் 2.5 வீதம், சுமார் 6 வோல்ட் குறையும். பகலில் 250, 244 ஆகும். ஆனால் இரவு ஏழு மணிக்கு, எல்லோரும் லைட்டும் மின்விசிறியும் தண்ணி மோட்டரும் போடும் நேரத்தில், கடைசி வீட்டில் 222 தான் நின்றது. ஆறு போனால் 216. எல்லை 216.2. பகலை நேராக்கினால் இரவு விழுகிறது. மாலையில் அதிகம் சுமக்கும் ஃபேஸிலிருந்து சில வீடுகளை மற்ற ஃபேஸ்களுக்கு மாற்றினால் இரவு வோல்டேஜ் மூன்று வோல்ட் கூடும் என்று மென்பொருள் காட்டியது. அதனால் பரிந்துரை மூன்று பகுதியாக அமைந்தது: வீடுகளைச் சமப்படுத்துவது, பிறகு டாப்பை ஒரு படி இறக்குவது, இன்வேர்ட்டரில் சரியான எல்லையைப் போட்டு 242 வோல்ட்டிலிருந்து உற்பத்தியைச் சற்றுச் சற்றாகக் குறைக்கச் சொல்வது. வரிசை மாறக்கூடாது.

முதல் இரண்டும் ஆலைக்காரரின் கையில் இல்லை. மின்னை நிறுத்தி, விநியோகத்துக்குப் பொறுப்பானவர்கள் செய்யவேண்டிய வேலை. இவர் எழுதிய அறிக்கையில் முதற் பக்கத்தில் ஒரு வரைபு: நாள் முழுவதும் மூன்று ஃபேஸ்களின் வோல்டேஜ், மேலும் கீழும் சட்ட எல்லைக் கோடுகள். அதற்குப் பிறகுதான் எழுத்து. முறைப்பாடாக எழுதியிருந்தால் கோப்புக்குள் போயிருக்கும். வரைபைப் பார்த்த பொறியியலாளர் நேரே வந்து பார்த்தார், வேலையும் நடந்தது. இப்போது மத்தியானத்தில் 243 க்குள், இரவில் கடைசி வீட்டில் 219.

படிப்பின் கணக்கு

இந்த ஆலைதான் அவரது ஒரு பாடத்தின் ஒப்படை. சொந்த வேலைத்தலத்திலிருந்து ஒரு சிக்கலை எடுத்து எழுதவேண்டும் என்பது அந்தப் பாடத்தின் விதி. வேலை இல்லாதவர் அந்த இடத்தில் என்ன செய்வார்? மாதிரித் தரவை வைத்து எழுதுவார், சித்தியும் அடைவார், இரண்டு வோல்ட் மிச்சம் அவருக்கு வராது. அதனால்தான் பட்டம் முடித்த கையோடு, வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்காமல் ஒரு சான்றிதழ் படிக்கலாமென்று வருகிற பிள்ளைகளிடம் நான் இரண்டு வருடமாவது தளத்தில் நின்றுவிட்டு வரச் சொல்கிறேன். பெற்றோருக்கு அது பிடிப்பதில்லை.

சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நிறுவனம் இருக்கும் மேற்கு அவுஸ்திரேலியா எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே மாலை ஆறு மணி வகுப்பு இங்கே மூன்றரை, வேலை நேரம். பெரும்பாலான வகுப்புகளைப் பதிவில்தான் பார்த்தார், கேள்வி கேட்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதைப் பார்த்தவர்கள் தவணைக் கட்டணத்துக்குப் பயப்படுவது நியாயம்.

உள்ளூரில் படித்தால் என்ன? மொறட்டுவையில் மின்பொறியியலுக்குப் பகுதிநேரப் பட்டப்பின் படிப்பு உண்டு. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ், திங்கள் காலை கூரையில் ஏறவேண்டும். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன, பக்கத்திலேயே இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். கட்டடமும் ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் வன்னியிலேயே இருக்கும்போது, வேலை செய்பவர்களுக்கான ஒரு குறுகிய சிறப்புப் படிப்பை வார இறுதியில் இங்கேயே நடத்தலாம் என்பது என் அபிப்பிராயம். நீர்ப்பாசனக் கதவுக் கட்டுப்பாடு, நெல் உலர்த்தல், கூரைச் சோலர் என்று தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பின் இரணைமடுவின் வான்கதவுகளைப் பற்றி இந்தப் பக்கம் எல்லோருமே ஒரு நிபுணர்போலப் பேசினார்கள், முறையாகப் படித்தவர்கள் இன்னும் நாலு பேர் இருந்திருக்கலாம்.

அங்கீகாரம் பற்றி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7 ஆம் மட்டம், குறைந்தது 20 திறமைப்புள்ளி. ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்பதால் ஆயிரம் மணித்தியாலம். 8 ஆம் மட்டத்துப் பட்டப்பின் டிப்ளோமாவுக்கு 25, 9 ஆம் மட்டத்துப் பாடநெறி முதுமாணிக்கு 30. மொத்த வித்தியாசம் பத்துப் புள்ளிதான். அவுஸ்திரேலியாவில் அதே பெயருள்ள சான்றிதழ் அவர்களுடைய சட்டகத்தில் 8 ஆம் மட்டம், அரை வருடம் முதல் ஒரு வருடம் வரையான படிப்பு. பெயர் ஒத்துப்போகிறதென்று ஒன்றை மற்றதற்கு ஈடாக வைக்கக்கூடாது. என்.வி.கியூ (தேசியத் தொழிற் தகைமை) வழியாக வருபவர்களுக்கு இங்கே அதன் 7 ஆம் மட்டம், அதாவது பட்டத்துக்குச் சமமான நிலை வேண்டும். 5 ஆம், 6 ஆம் மட்ட டிப்ளோமாவோடு நேரே நுழைய முடியாது. வெளிநாட்டில் சில நிறுவனங்கள் வேலை அனுபவத்தைக் கணக்கிலெடுத்துச் சேர்த்துக்கொள்ளும். சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்காக இங்கே பட்டம் இருப்பதாக ஆகிவிடாது. இந்தப் பெண் காசு கட்டுமுன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கினார்: இந்தப் பாடங்கள் உங்களுடைய முதுமாணிக்கு முழுதாகக் கணக்கில் வருமா, எத்தனை வருடத்துக்குள்? பதில் ஆம் என்று வந்தபிறகுதான் சேர்ந்தார்.

சான்றிதழ் வந்ததும் சம்பளம் கூடவில்லை. பதவிப் பெயரும் மாறவில்லை. மாறியது அவரிடம் வரும் வேலை: பனல் கழுவுவதும் ஃபியூஸ் மாற்றுவதும் இப்போது வேறு பெடியளுக்கு, ஏன் அணைகிறதென்று தெரியாத தளங்கள் இவருக்கு. கம்பனி இதை நல்ல விஷயமாக எடுத்திருக்கிறது. இவர் அதைச் சம்பளத்தில் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

இதற்கிடையில் அதே மின்மாற்றியின் மறுபக்கத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்காரர் 40 கிலோவாட் சோலருக்கு விண்ணப்பித்திருக்கிறார். மின்மாற்றி 100 கேவிஏ. இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளினால் 80. மின்மாற்றி தாங்கும், ஆலைப் பக்கத்து வோல்டேஜ் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஐஸ் தொழிற்சாலை பகலில் ஓடுகிறதா, இரவில் ஓடுகிறதா என்று கேட்டு அவர் ஆளனுப்பியிருக்கிறார். பதில் வந்தபிறகுதான் மென்பொருளில் போடுவார்.